எந்தச் சதுரடி? வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும் முன் பேசி முடிக்க வேண்டியவை

பெருநாளுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே நமது ஊர்களில் பெயிண்டர்களுக்குக் கிராக்கி வந்துவிடும். நிக்காஹ் வைத்திருக்கும் வீடுகள், சபராளி விடுப்பில் வரும் வீடுகள், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சுவரைப் புதுப்பிக்கும் அண்டை வீட்டார் என எல்லோரும் அதே சில மேஸ்திரிகளைத்தான் தேடுகிறார்கள். அவசரத்தில் "சதுரடிக்கு எவ்வளவு?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டு, சொன்ன ரேட்டுக்குத் தலையாட்டி, முன்பணத்தையும் கொடுத்துவிடுகிறோம்.

வேலை பாதியில் இருக்கும்போது கணக்கு வேறாக வருகிறது. வீட்டுக்காரர் தன்னை ஏமாற்றிவிட்டதாக நினைக்கிறார். பெயிண்டர் தன் கூலி பறிபோகிறது என்று நினைக்கிறார். பல நேரங்களில் இருவருமே பொய் சொல்லவில்லை. வெவ்வேறு சதுரடியை மனதில் வைத்துக்கொண்டு பேசியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒரே மஹல்லாவில் நாளும் முகம் பார்க்க வேண்டியவர்கள் இதனால் பேச்சுவார்த்தை இல்லாமல் போவதையும் பார்க்கிறோம்.

பெயிண்டிங் வேலையில் ரேட் என்பது பாதி விஷயம்தான். அந்த ரேட் எந்த அளவுக்கு, எந்தெந்த வேலைக்கு என்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தரையின் சதுரடியும் சுவரின் சதுரடியும்

வீட்டுக்காரர் "என் வீடு 1,000 சதுரடி" என்கிறார். அது தரையின் அளவு. பெயிண்டர் அடிப்பது தரையில் அல்ல; சுவரிலும் மேல்தளத்தின் அடிப்பகுதியிலும், அதாவது சீலிங்கிலும்தான்.

ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். நீளம் 12 அடி, அகலம் 10 அடி, உயரம் 10 அடி. தரை 120 சதுரடி. நான்கு சுவர்களின் மொத்த நீளம் 44 அடி. அதை உயரத்தால் பெருக்கினால் 440 சதுரடி. சீலிங் 120 சதுரடி. இரண்டும் சேர்ந்து 560. இதில் 7க்கு 3 அடி கதவு ஒன்றும், 4க்கு 4 அடி ஜன்னல் இரண்டும் போக 53 சதுரடி கழியும். மீதி 507 சதுரடி. ஆக, 120 சதுரடி அறைக்குள் அடிக்க வேண்டிய பரப்பு அதைவிட நான்கு மடங்குக்கும் அதிகம்.

முழு வீடு என்று பார்த்தால் குளியலறை, சமையலறைச் சுவர்களில் டைல்ஸ் இருக்கும். சில இடங்களில் அலமாரி இருக்கும். அதனால் உட்புறப் பரப்பு பொதுவாகத் தரை அளவில் மூன்று முதல் மூன்றரை மடங்கு வரும். 1,000 சதுரடி வீட்டுக்கு 3,000 முதல் 3,500 சதுரடி.

இப்போது தகராறு எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். உதாரணத்துக்கு, கூலி மட்டும் சதுரடிக்கு 9 ரூபாய் என்று பேசியதாக வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் மனதில் 9,000 ரூபாய். பெயிண்டர் மனதில் 27,000 முதல் 31,500 ரூபாய். ஒரே ரேட்தான், இரண்டு கணக்குகள்.

எனவே முதல் கேள்வி "எவ்வளவு?" என்பதாக இருக்கக் கூடாது. "எந்தச் சதுரடி?" என்பதாக இருக்க வேண்டும். டேப்பை எடுத்து இருவரும் சேர்ந்து அளந்து, அறைவாரியாக ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கதவு, ஜன்னல் திறப்புகளைக் கழிப்பதா இல்லையா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். ஜன்னலின் பக்கவாட்டு ஓரங்களை அடிப்பதும் ஒரு வேலைதான் என்பதால் சிறு திறப்புகளைக் கழிக்காமல் விடும் வழக்கம் உண்டு. எப்படியானாலும் முன்பே தெரிந்திருந்தால் சண்டை இல்லை. கதவு, ஜன்னல் சட்டம், கிரில், கேட் ஆகியவை தனி ரேட்டா, உள்ளடக்கமா என்பதும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும்.

நாள் கூலியா, ஒப்பந்தமா?

பெயிண்டரை அமர்த்துவதில் மூன்று முறைகள் உள்ளன. நாள் கூலி, கூலி மட்டும் ஒப்பந்தம், பொருளோடு சேர்த்து ஒப்பந்தம்.

ஃபிக்ஹ் நூல்களில் கூலிக்கு அமர்த்துவது பற்றிய 'இஜாரா' பாடத்தில் இந்த வேறுபாடு தெளிவாகப் பேசப்படுகிறது. தன் நேரத்தை ஒருவருக்கென்று ஒதுக்கித் தருபவர் 'அஜீர் காஸ்'. ஒரு வேலையை முடித்துத் தர ஒப்புக்கொள்பவர் 'அஜீர் முஷ்தரக்'. நாள் கூலிக்காரர் முதல் வகை. அவர் வந்து வேலைக்கு நின்றுவிட்டால், உங்கள் வீட்டில் பெயிண்ட் வந்து சேராமல் அரை நாள் வீணானாலும் அவருக்குக் கூலி உண்டு. ஒப்பந்தக்காரர் இரண்டாம் வகை. அவர் எத்தனை நாள் எடுத்தாலும், எத்தனை பேரை வைத்தாலும், பேசிய வேலைக்குப் பேசிய தொகைதான். இரண்டிலும் வேலையும் கூலியும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கூலியைப் பேசாமல் "பார்த்துச் செய்வோம்" என்று வேலையை வாங்கிவிட்டால், அதே வேலைக்கு அந்த ஊரில் வழக்கத்தில் உள்ள கூலியைக் கொடுத்தாக வேண்டும். இதை 'உஜ்ரதுல் மிஸ்ல்' என்பார்கள். வீட்டுக்காரர் தன் மனம்போல் ஒரு தொகையைக் கொடுத்து அனுப்ப முடியாது.

நடைமுறையில் சிறு வேலைகளுக்கு நாள் கூலி நல்லது. ஓர் அறை, ஒரு கேட், மழையில் கெட்டுப்போன ஒரு சுவர் போன்றவற்றை அளந்து ஒப்பந்தம் போடுவது கடினம். தமிழகத்தின் பல ஊர்களில் தேர்ந்த பெயிண்டரின் நாள் கூலி 900 முதல் 1,200 ரூபாய் வாக்கில் இருக்கிறது. உதவியாளருக்கு அதைவிடக் குறைவு. பெருநகரங்களிலும் பண்டிகைக் காலங்களிலும் ஏறும். உங்கள் ஊர் நிலவரத்தை, சமீபத்தில் வேலை முடித்த இரண்டு மூன்று வீடுகளில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

முழு வீட்டுக்குக் கூலி மட்டும் ஒப்பந்தம் போட்டு, பொருளை நாமே வாங்கித் தருவது பலருக்கும் ஏற்ற முறை. கணக்கு கண்முன் இருக்கும். பொருளோடு சேர்த்துக் கொடுப்பது அலைச்சலைக் குறைக்கும். ஆனால் எந்த கம்பெனி, எந்த வகை, எத்தனை லிட்டர் என்பதை எழுதாமல் இந்த முறைக்குப் போகக் கூடாது.

ரேட்டுக்குள் என்னென்ன அடங்கும்?

"இரண்டு கோட்டிங் அடித்துத் தருகிறேன்" என்று சொன்னால் எல்லாம் சொல்லியாகிவிட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் நிறம் அடிப்பது கடைசி வேலை. அதற்கு முந்தைய வேலைகளில்தான் நேரமும் கூலியும் அதிகம் போகிறது.

பழைய சுவர் என்றால் பொரிந்த பெயிண்டைச் சுரண்ட வேண்டும். வெடிப்புகளை அடைக்க வேண்டும். குழியான இடங்களில் பட்டி பார்க்க வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசியைத் துடைத்து, பிரைமர் அடிக்க வேண்டும். அதன்பிறகுதான் இரண்டு கோட்டிங் எமல்ஷன். பழைய பெயிண்ட் உறுதியாக இருக்கும் வீட்டில் ஆங்காங்கே மட்டும் பட்டி போதும். சுவர் முழுவதும் பட்டி பார்த்து வழவழப்பாக்குவது என்றால் கூலி ஏறத்தாழ இரட்டிப்பாகலாம். "டச்சப் பட்டியா, முழுப் பட்டியா?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

புதுச் சுவர் என்றால் அவசரம் ஆகாது. பூச்சு வேலை முடிந்து, தண்ணீர் ஊற்றி, சுமார் 28 நாள் நன்றாகக் காய்ந்த பிறகே பெயிண்ட் வேலையைத் தொடங்க வேண்டும். வெள்ளை சிமெண்ட் பட்டியைப் பொதுவாகச் சுவரை நனைத்து நேரடியாகப் பூசி, அதன்மேல் பிரைமர் அடிப்பார்கள். அக்ரிலிக் பட்டி என்றால் முதலில் பிரைமர், பிறகு பட்டி. பட்டி தடிமனாக இருந்தால் நல்லது என்று நினைக்க வேண்டாம்; மிகத் தடித்தால் நாளடைவில் வெடித்துப் பெயர்ந்துவிடும்.

ஓதம் ஏறிய சுவருக்குப் பெயிண்டர் மருந்தல்ல. குளியலறைக் குழாய்க் கசிவோ, மொட்டைமாடி வெடிப்போ, தரையிலிருந்து ஏறும் ஈரமோ காரணமாக இருக்கும். அதைக் கொத்தனாரையோ பிளம்பரையோ வைத்துச் சரிசெய்து, சுவர் காய்ந்த பிறகே பெயிண்ட். இல்லாவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த பெயிண்டும் சில மாதங்களில் பொரிந்துவிடும். பழி பெயிண்டர் தலையில் விழும்.

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர் போன்ற கடற்கரை ஊர்களில் இன்னொரு செலவு உண்டு. உப்புக் காற்றில் ஜன்னல் கிரில்லும் கேட்டும் துருப்பிடிக்கும். துருவை முழுதும் சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்து, காய்ந்த பின் எனாமல் அடிக்க வேண்டும். துருவின் மேலேயே எனாமல் அடித்தால் பார்க்கப் புதிதாக இருக்கும். அடுத்த மழையில் துரு வெளியே வந்துவிடும். வெளிச்சுவர் வேலையை வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை தவிர்ப்பது நல்லது.

பெயிண்ட் எவ்வளவு தேவை?

உட்புற எமல்ஷனில் மலிவு, நடுத்தரம், உயர்தரம் என்று மூன்று படிகள் உள்ளன. மலிவு வகை லிட்டர் 200 ரூபாய்க்கு உள்ளாகவும், நடுத்தரம் 300, 400 ரூபாய் வாக்கிலும், உயர்தரம் 500 ரூபாய்க்கு மேலும் போகும். அடர்நிறம் என்றால் விலை கூடும். பெயிண்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். கடையில் சொல்லும் விலை வரி சேர்த்தா, சேர்க்காமலா என்று கேளுங்கள்.

வாளியின் மேல் ஒரு லிட்டருக்கு இத்தனை சதுரடி என்று அச்சிட்டிருப்பார்கள். அது வழவழப்பான சுவருக்கான கணக்கு. ஒரு கோட்டிங்குக்கா, இரண்டுக்கா என்றும் பார்க்க வேண்டும். நடைமுறையில் இரண்டு கோட்டிங்குக்கு லிட்டருக்கு 60 முதல் 70 சதுரடி என்று வைத்துக்கொண்டால் பெரிதாகப் பிசகாது. மேலே சொன்ன அறையில் சுவர் மட்டும் 387 சதுரடி. அதற்கு 6 லிட்டர் நிறம், சீலிங்குக்கு 2 லிட்டர் வெள்ளை. இந்த அளவை நீங்களே போட்டு வைத்திருந்தால், பட்டியலில் 12 லிட்டர் என்று வரும்போது காரணம் கேட்க முடியும். பாதி அளவே போதும் என்று யாராவது சொன்னாலும் சந்தேகப்பட வேண்டும். பெயிண்டில் தண்ணீர் அதிகமாகக் கலக்கப் போகிறது என்று பொருள். எவ்வளவு தண்ணீர் கலக்கலாம் என்பதும் வாளியிலேயே இருக்கும்.

நிறத்தின் பெயரோடு அதன் எண்ணையும் குறித்து வையுங்கள். ஒரே சுவருக்கான பெயிண்டை ஒரே தடவையில் வாங்குங்கள். மீதியில் ஒரு லிட்டரை மூடி வைத்தால் பின்னாளில் கீறல்களை மறைக்க உதவும்.

இன்னொன்றையும் வாளியில் பாருங்கள். வீட்டு உபயோகப் பெயிண்டில் காரீயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு முன் அடித்த பழைய எனாமல் கதவுகளிலும் கிரில்களிலும் காரீயம் கூடுதலாக இருக்கலாம். அவற்றைத் தேய்க்கும் தூசி குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கேடு. அந்த நாட்களில் அவர்களை வேறு அறைக்கோ உறவினர் வீட்டுக்கோ அனுப்புங்கள். உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். பெயிண்டருக்கும் முகக்கவசம் வேண்டும்.

டோக்கன் யாருக்கு?

பல கம்பெனிகள் பெயிண்ட் வாளிக்குள் பெயிண்டருக்கென்று டோக்கன் வைக்கின்றன. இப்போது சில கம்பெனிகளில் கைபேசியில் ஸ்கேன் செய்யும் முறையும் வந்துவிட்டது. பெயிண்டர் அதைக் காட்டிப் பணமோ புள்ளிகளோ பெறுகிறார். இதில் மறைவாக ஒன்றும் இல்லை. தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஆனால் எந்த வாளியில் டோக்கன் மதிப்பு அதிகமோ அந்த கம்பெனியைச் சிபாரிசு செய்யும் தூண்டுதல் அதனால் வருகிறது. சில கடைகள் வாடிக்கையாளரை அழைத்து வரும் பெயிண்டருக்குக் கமிஷனும் தருகின்றன. அது நம் பில்லில் ஏறி நிற்கும்.

இதற்குத் தீர்வு எளிது. கம்பெனியையும் வகையையும் நாமே தேர்வு செய்ய வேண்டும். டோக்கன் பெயிண்டருக்கு என்று நாமே வாய்திறந்து சொல்லிவிட வேண்டும். மனக்குறையோடு விட்டுக்கொடுப்பதைவிட, முதல் நாளே மனமுவந்து கொடுப்பது இருவருக்கும் கண்ணியம். பெயிண்டரையே பொருள் வாங்க அனுப்பினால் அவர் நமது வகீல். கடை தரும் தள்ளுபடி நம் கணக்குக்கு வர வேண்டும் என்பதை முன்பே பேசி, பில்லை நம் பெயரில் கேளுங்கள்.

குறைந்த ரேட் எங்கிருந்து வருகிறது?

மூன்று பேரிடம் ரேட் கேட்கிறோம். ஒருவர் மட்டும் மிகக் குறைவாகச் சொல்கிறார். உடனே அவருக்குக் கொடுக்கத் தோன்றும். அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள்.

"எத்தனை பேர், எத்தனை நாள்?" என்று அவரிடமே கேளுங்கள். மூன்று பேர், ஒன்பது நாள் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 27 ஆள் வேலை. ஆளுக்குச் சராசரி 1,000 ரூபாய் என்றால் கூலியே 27,000. மேஸ்திரியின் மேற்பார்வைக்கும் சாரம், ஏணி, பிரஷ் செலவுக்கும் அதற்கு மேல் வேண்டும். அவர் சொன்ன மொத்த ரேட் 18,000 என்றால் அந்த 9,000 ரூபாயை யார் கொடுப்பது?

ஒன்று, சுவர் கொடுக்கும். பிரைமர் விடுபடும், இரண்டாவது கோட்டிங் பெயருக்கு நடக்கும், தண்ணீர் கூடும். அல்லது உதவியாளர்கள் கொடுப்பார்கள். வெளியூரிலிருந்தோ வடமாநிலங்களிலிருந்தோ வந்த இளைஞருக்கு உரிய கூலி குறையும், அல்லது வாரக் கணக்கில் நிலுவை நிற்கும். நாம் மலிவு என்று மகிழ்ந்த தொகை நம் வீட்டுச் சுவருக்குள் நின்றவரின் கூலியிலிருந்து வந்திருக்கும். அப்படி ஒரு மிச்சம் நம் வீட்டுக்கு வேண்டாம்.

அதற்காக அதிகம் கேட்பவர்தான் நல்லவர் என்றும் இல்லை. அவரிடமும் இதே கணக்கைக் கேளுங்கள். கணக்கை விளக்கத் தயங்காத மேஸ்திரியைத் தேர்ந்தெடுங்கள். அவர் இரண்டு வருடத்துக்கு முன் அடித்த ஒரு வீட்டைப் போய்ப் பாருங்கள்; போன வாரம் அடித்த வீடு எதையும் சொல்லாது.

சபரில் இருப்பவர்களுக்கு

துபாயிலோ ரியாத்திலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு வாட்ஸ்அப்பில் பேசி முடிக்கும் சகோதரர்கள் பலர். அளந்தது யார், நிறம் தேர்ந்தது யார் என்று எதுவும் தெளிவாக இருக்காது. கடைசியில் மனைவியோ வயதான தாயாரோ பெயிண்டரோடு வாக்குவாதம் செய்ய வேண்டியதாகிறது. இது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

ஊரில் நம்பகமான ஆண் உறவினர் ஒருவரை அளவு எடுக்கும் நாளிலும் பணம் கொடுக்கும் நாட்களிலும் உடன் நிற்கச் சொல்லுங்கள். சுரண்டிய பின், பட்டி முடிந்த பின், பிரைமர் முடிந்த பின், முதல் கோட்டிங் முடிந்த பின் என ஒவ்வொரு கட்டத்துக்கும் படம் கேளுங்கள். வாளிகள் வீட்டாரின் முன்னிலையில் திறக்கப்படட்டும். காலி வாளிகளைக் கடைசி வரை வீட்டிலேயே வைத்தால் எண்ணிக்கை தானே பேசும். வீட்டுப் பெண்கள் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு மாற வசதியாக, எந்த நாளில் எந்த அறை என்ற வரிசையையும் முன்பே முடிவு செய்யுங்கள்.

கூலியும் உயிரும்

முன்பணம் கொடுக்கலாம், மொத்தத்தையும் முதலிலேயே கொடுக்க வேண்டாம். வேலை தொடங்கும்போது ஒரு பங்கு, பிரைமர் முடிந்ததும் ஒரு பங்கு, இறுதிக் கோட்டிங் முடிந்ததும் ஒரு பங்கு என்று பிரிக்கலாம். தரை துடைத்து, விடுபட்ட இடங்களைச் சரிசெய்ய ஒரு சிறு தொகையை நிறுத்தி வைக்கலாம். ஆனால் அதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். வேலை முடிந்த அன்றே கொடுத்துவிட வேண்டும். கூலியைத் தாமதிக்கக் கூடாது என்ற நபிமொழி நம் எல்லோருக்கும் தெரியும். "நாளைக்கு வாங்க பாய்" என்று நான்கு முறை அலைக்கழிப்பவர்களுக்கும் அது தெரியும்.

மாடி வீடுகளில் வெளிச்சுவர் வேலை ஆபத்தானது. சாரம் உறுதியாக இருக்கிறதா, இடுப்பில் பெல்ட் இருக்கிறதா, அருகில் மின்கம்பி போகிறதா என்று பார்ப்பது நம் பொறுப்பும்தான். சாரத்துக்கு ஆகும் செலவில் பேரம் பேசாதீர்கள். தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் 1994 முதல் இயங்குகிறது. அதில் பெயிண்டர்களும் உறுப்பினராகலாம். விபத்து உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி, திருமண உதவி, ஓய்வூதியம் ஆகியவை அதன்வழி கிடைக்கின்றன. உங்கள் பெயிண்டர் பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஊரில் படித்த பிள்ளை ஒருவரை வைத்து விண்ணப்பிக்க உதவுங்கள்.

ஒரு தாளில் எழுத வேண்டியவை

1. அறைவாரியாக அளந்த சதுரடியும், திறப்புகளைக் கழித்தோமா என்பதும்.
2. சதுரடிக்கு ரேட், அல்லது மொத்தத் தொகை. அது கூலி மட்டுமா, பொருளும் சேர்த்தா.
3. சுரண்டல், பட்டி, பிரைமர், எமல்ஷன் ஒவ்வொன்றும் எத்தனை கோட்டிங்.
4. கம்பெனி, வகை, நிற எண், லிட்டர் கணக்கு.
5. கதவு, ஜன்னல், கிரில், கேட் தனியா, உள்ளடக்கமா.
6. சாரம், ஏணி, பிரஷ், ரோலர் யாருடையது.
7. தொடங்கும் நாள், முடியும் நாள், தினமும் எத்தனை ஆள்.
8. பணம் கொடுக்கும் கட்டங்கள்.
9. டோக்கனும் மீதிப் பெயிண்டும் யாருக்கு.
10. தரையைச் சுத்தம் செய்து தருவது யார்.

முத்திரைத்தாள் எதுவும் தேவையில்லை. நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் போதும். இருவரும் படித்துப் பார்த்து, ஆளுக்கொரு படம் எடுத்துக்கொண்டால் முடிந்தது. இடையில் கூடுதல் வேலை சேர்ந்தால் அதன் ரேட்டையும் அன்றே அதன் கீழ் எழுதுங்கள். பெரும்பாலான மனஸ்தாபங்கள் "அப்படியே இதையும் கொஞ்சம் அடிச்சுடுங்க" என்ற வார்த்தையில்தான் தொடங்குகின்றன.

எழுதிக்கொள்வதை அவநம்பிக்கை என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. அரை மணி நேரம் டேப்பும் பேனாவும் பிடித்தால், வேலை முடியும் நாளில் வீட்டுக்காரரும் பெயிண்டரும் ஸலாம் சொல்லிக் கைகொடுத்துப் பிரியலாம், இன்ஷா அல்லாஹ். அடுத்த முறை வெள்ளையடிக்க வேண்டியிருக்கும்போது அதே மேஸ்திரியைத் தயங்காமல் கூப்பிடவும் முடியும்.